மம்பட்டி மரியாதை

அடடா, குத்திருச்சுங்களா தம்பி? மன்னிச்சுக்கங்க. இந்தக் கம்பிய வெச்சுக்கிட்டு மினி பஸ்ல ஒக்கார்றது பெரும்பாடுங்க. சித்த காலைத் தள்ளிக்கங்க, நடுவால நிறுத்திக்கறேன். ஆச்சு.

ஆயுதமெல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க. வால்வு சாவி. ரோட்டோரத்துல சிமெண்டுக் குழிக்குள்ள வால்வு இருக்குமில்லீங்க, அதுல இதை உட்டுத் திருப்புனா, எங்கூருக்கு வெளிய தள்ளி இருக்கற ஒத்தப்பனைமேட்டுக்குத் தண்ணி போகும். டேங்க் ஆபரேட்டர்னு நெனச்சுட்டீங்களாக்கும். தப்பில்லீங்க, புதுசாப் பாக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. நான் யாருன்னு தெரியுங்களா? சாலக்காட்டுப்புதூர் பஞ்சாயத்துத் தலைவர்...

பாத்தீங்களா, பழக்கதோசம். நாக்கு தானாப் போயிருது. தலைவரோட ஊட்டுக்காரர்னு சொல்லோணும். நாச்சிமுத்துன்னு பேரு.

எறங்கற எடம் வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க. இந்தப் பஸ் ஒவ்வொரு வேப்பமரத்துக்கும் நின்னுதான் போகும். நீங்களும் கேட்டுட்டீங்க, சொல்லிப்போடறேன். இந்தச் சாவி என்ற கைக்கு எங்கிருந்து வந்துச்சுங்கறீங்க? இமயமலைல இருந்துங்க. சிரிக்காதீங்க. நெசமாத்தான்.

எங்க பஞ்சாயத்தைப் பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. அதுக்காக நான் சும்மா உட்ருவனுங்களா? என்ற சம்சாரம் துளசிமணிய நிறுத்துனேன். போஸ்டர்ல அவ படம் தபால்தலை அளவு, என்ற படம் ஆளுயரம். ஜெயிச்சது அவ, நாற்காலில ஒக்காந்தது நான். அவளுக்கு ஒத்தாசைக்குத்தானுங்க. பாவம், அவளுக்கு வெளி ஒலகம் என்ன தெரியும்? காடு பாக்கத் தெரியும், மாடு பாக்கத் தெரியும். பால் சொசைட்டி நட்டத்துல கெடந்துச்சு, செயலாளரா இருந்து அதைத் தூக்கி நிறுத்துனா. புள்ளைக ரெண்டையும் படிக்க வெச்சா. அதைத் தாண்டி ஒண்ணுந் தெரியாதுங்க.

அப்படி இருக்கறப்பத்தான், பெண் தலைவர்களை வடக்க கூட்டிட்டுப் போய் ஒரு ஊரைக் காட்டறோம்னு ஏற்பாடு பண்ணுனாங்க. தூனேர்னு ஒரு ஊரு. ஜீப்பு போற ரோடு முடிஞ்சு, பாலம் முடிஞ்சு, அப்புறம் மலை மேல ஒத்தையடிப் பாதை. அங்க போலீசு போறதில்ல, கோர்ட்டுக்கு யாரும் வர்றதில்ல. தானே தன்னை ஆண்டுக்குதாம் அந்த ஊரு. அதைப் பாத்து நம்ம தலைவரம்மாக்கள் கத்துக்கோணுமாம். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னு சொல்லியிருந்தாங்க. மத்தவங்கெல்லாம் மகளை, தங்கச்சிய, நாத்தனாரைன்னு கூட்டிட்டு வந்தாங்க. ஆம்பளைன்னு போனது நான் ஒருத்தன்தான். அத்தனை பொம்பளைகளுக்கும் ஒரு பாதுகாப்பு வேணுமில்லீங்களா?

கழுத்துல அட்டை மாட்டி உட்டாங்க. துளசிமணி அட்டைல 'தலைவர்'. என்ற அட்டைல 'உடன் வருபவர்'. நான் அதைத் திருப்பிப் போட்டுக்கிட்டேன். யாராச்சும் கேட்டா கயிறு முறுக்கிக்கிச்சுன்னு சொல்லிக்கலாமில்லீங்க.

மலை ஏறுனதைச் சொன்னா மானக்கேடு. பாதுகாப்புக்குப் போனவன் பாதி வழில ஒக்காந்துட்டேன். அப்புறம் உருளைக்கெழங்கு மூட்டை தூக்கற கோவேறு கழுதை ஒண்ணு வந்துச்சு, அது மேல ஏத்தி உட்டாங்க. துளசிமணி செருப்பைக் கழட்டிப் பைல வெச்சுக்கிட்டு, பனங்காட்டுல வெறகு பொறுக்கப் போற மாதிரி முன்னால போயிட்டா. திரும்பித் திரும்பி என்னைப் பாத்தா. சிரிச்சாளான்னு தெரியல, வெயிலு கண்ணுல.

ஊருக்குள்ள போனதும் டீ குடுத்தாங்க. எப்படிக் குடுத்தாங்கங்கறீங்க? எங்களுக்குன்னு தனி டம்ளருங்க. கைல குடுக்க மாட்டாங்க, கல்லு மேல வெச்சுட்டுத் தள்ளி நின்னுக்குவாங்க, நாம எடுத்துக்கோணும். வெளியூர்க்காரங்களைத் தொட்டா அவங்க சாமிக்கு ஆகாதாம். கோயில் செவுத்துல கை பட்டா ஆடு வாங்கித் தரோணுமாம். எனக்கு வந்த ஆத்திரம் இருக்குதுங்களே! மனுசனை மனுசன் தொடப்படாதாம், தனி டம்ளராம், எந்தக் காலத்துல இருக்காங்க இவங்கன்னு துளசிமணிகிட்டப் பொரிஞ்சு தள்ளுனேன். நாலு தலைமொறையாக் கவுரவமா இருக்கற குடும்பத்துல பொறந்தவனைத் தள்ளி நில்லுன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க? அவ டீயக் குடிச்சுட்டு, "ஏனுங்க, தள்ளி நில்லுன்னா அப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. எதுக்குச் சொன்னான்னு இன்னிக்கும் வெளங்கல.

அப்புறம் கோயிலுக்கு முன்னால ஊரே கூடிருச்சு. ஒருத்தருக்கொருத்தர் அறிமுகம். எங்க கூட வந்த பயிற்சி அலுவலர் ஹெலன் மேடத்துக்கு ஹிந்தி நல்லாத் தெரியும், அந்தம்மாதான் மொழிபெயர்ப்பு. தலைவரம்மாக்கள் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் பேரும் ஊரும் பதவியும் சொன்னாங்க. துளசிமணி முறை வந்துச்சு. அவ எந்திரிச்சு முந்தானைய இழுத்து உட்டா. அதுக்குள்ள நான் எந்திரிச்சுட்டேன். "நாச்சிமுத்து. தலைவர், சாலக்காட்டுப்புதூர்." வேணும்னு சொல்லலீங்க. எந்த மேடைன்னாலும் அப்படித்தான் வரும். ஹெலன் மேடம் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, சொன்னதைச் சொன்னபடியே ஹிந்தில சொல்லிருச்சு. துளசிமணி ஒக்காந்துட்டா.

அங்க மோதிராம்னு ஒருத்தரு, கம்பளித் தொப்பி, வாயில எப்பவும் வால்நட்டு. அவருதான் எங்களுக்கு வெவரம் சொன்னாரு. உங்க ஊருக்குத் தலைவர் யாருங்கன்னு கேட்டேன். இல்லைன்னுட்டாரு. வீட்டுக்கு ஒருத்தர் கல்லு மேல வந்து ஒக்காருவாங்களாம். அவங்கவங்க வாய் அவங்கவங்களுக்கு மட்டுந்தான் பேசோணுமாம், புருசனுக்காகப் பொண்டாட்டியோ, அண்ணனுக்காகத் தம்பியோ பேசப்படாதாம். எல்லாரும் சரின்னு சொல்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கறதில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. எங்கூர்ல கிராம சபை, டீயும் வடையும் வந்து எறங்கறதுக்குள்ள முடிஞ்சுரும். தீர்மானமெல்லாம் மொத நாளே நான் எழுதி வெச்சுருவேன். கைதட்டுனா போதும்.

இதுவரைக்கும் ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. சாயங்காலம் பேசாம ரூம்ல படுத்திருந்தேன்னா இந்தச் சாவியும் இல்ல, இந்தப் பஸ்ஸும் இல்ல. எனக்கு ஒரு வியாதி இருக்குதுங்க தம்பி. எங்கயாச்சும் ரெண்டு பேரு சத்தம் போட்டுப் பேசுனா, நடுவுல போய் நிக்காட்டி எனக்குச் சோறு எறங்காது.

மேல பனி உருகி ஒரு வாய்க்கா வருது. அந்த வருசம் தண்ணி கம்மி. வாய்க்கா ஓரத்துல ரெண்டு பேரு நின்னு கத்திக்கிட்டிருந்தாங்க. ஜாலம்னு ஒரு ஆளு, மேல காட்டுக்காரரு. பீமின்னு ஒரு பொம்பளை, கீழ காட்டுக்காரி. ரெண்டு காட்டுலயும் பார்லி. யாருக்கு மொதல்ல தண்ணிங்கறதுதான் தகராறு. ஹெலன் மேடத்தைக் கூப்புட்டு என்ன ஏதுன்னு கேட்டேன். மேடம் சொல்லுச்சு, "சார், இது அவங்க விசயம், நாம பாக்கத்தான் வந்திருக்கோம்"னு. நான் கேக்கறனா? வேட்டிய மடிச்சுக் கட்டுனேன். தொண்டையச் செருமுனேன்.

"மேல காடு நெறையட்டும். மிச்சம் வந்தா கீழ உடு. அவ்வளவுதான் நாயம்."

எப்படிங்க? ஒரே வரி. யோசிக்கவே இல்லீங்க. யோசிக்க என்ன இருக்குது, எங்க ஒத்தப்பனைமேட்டுக்கு நான் சொல்லி வெச்சதும் அதே நாயந்தான். எங்கூர் நெறைஞ்சு மிச்சம் இருந்தா அவங்களுக்கு. வருசக்கணக்கா ஓடுது, ஒரு பேச்சு வந்ததில்லை. வந்தாலும் என்ற காதுக்கு வந்ததில்லை.

ஹெலன் மேடம் தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. சொன்னதும் சண்டை நின்னுருச்சு. ஜாலம் என்னைப் பாத்தாரு, பீமி என்னைப் பாத்தா. மோதிராம் வந்து, "தலைவர் தீர்ப்புச் சொல்றாரா?"ன்னு கேட்டாரு. "ஆமா, தலைவர் தீர்ப்புச் சொல்றேன்"னேன், நெஞ்சுல கை வெச்சு. உடனே என்ன பண்ணுனாங்கங்கறீங்க? ஒருத்தர் ஓடிப்போய்ப் பூப்போட்ட தொப்பி ஒண்ணு கொண்டு வந்து கல்லு மேல வெச்சாரு. இன்னொருத்தர் ஒரு மம்பட்டி கொண்டு வந்து வெச்சாரு. நல்ல எண்ணெய் போட்ட காம்பு. எடுத்துக்கங்கன்னு சைகை காட்டுனாங்க.

நம்ம பக்கம் பொன்னாடை போத்தி வெள்ளி வாள் குடுப்பாங்கல்லீங்க, இங்க மம்பட்டி குடுத்து மரியாதை பண்றாங்கன்னு நெனச்சேன். தொப்பியத் தலைல வெச்சு, மம்பட்டியத் தோள்ல சாத்தி, மீசைய முறுக்கி, துளசிமணிய போட்டோ எடுக்கச் சொன்னேன். ஒண்ணு நேரா, ஒண்ணு பக்கவாட்டுல. ஊர்ல பிளெக்ஸ் வைக்கலாமில்லீங்க. "இமயத்தில் தீர்ப்பு வழங்கிய எங்கள் அண்ணன்"னு வாசகம் கூட மனசுக்குள்ள ஓடிருச்சு.

மறுநாள் காலைல கெளம்பறோம். பைய எடுத்துத் தோள்ல போட்டா, பாதைக்குக் குறுக்கால மோதிராமும் இன்னும் நாலு பேரும் ஒக்காந்திருக்காங்க. மத்தவங்களை எல்லாம் போகச் சொல்றாங்க. என்னை மட்டும் கையக் காட்டி நிறுத்தறாங்க. ஹெலன் மேடம் கேட்டுட்டு வந்து சொல்லுச்சு. அந்தம்மா முகத்துல இருந்த சந்தோசத்தை நான் மறக்கவே மாட்டேங்க.

"சார், இந்த ஊர்ல தீர்ப்புச் சொன்னவர்தான் அதைக் காவல் காக்கணுமாம். தண்ணித் தீர்ப்புன்னா, சொன்னவர்தான் தெனமும் மம்பட்டி புடிச்சு மடை திருப்பணுமாம். அறுவடை வரைக்கும்."

"அறுவடை எப்ப?"

"பார்லி இப்பத்தான் முளைச்சிருக்கு, சார்."

நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கலீங்க. கோவமும் இல்ல, அடிதடியும் இல்ல. மடை காத்துக்கிட்டிருக்குது வான்னு வாய்க்காப் பக்கம் கையக் காட்டறாங்க. சரி, ஒரு தரம் திருப்பிக் காட்டிட்டுப் போயிரலாம்னு போய் எறங்குனேன். அந்தத் தண்ணி இருக்குதுங்களே, கால் வெச்சதும் முட்டி வரைக்கும் உசுரு போயிருச்சு. பனி உருகுன தண்ணியில்லீங்களா. மேல காட்டுக்கு மடைய வெட்டி உட்டேன். ஜாலம் காடு லேசுல நெறையற மாதிரி இல்ல. எதுத்தாப்புல பீமி வந்து ஒக்காந்தா. ஒரு வார்த்தை பேசலீங்க. திட்டல. பக்கத்துல அவ காட்டுல பார்லி மொளை வாடிக் கெடக்குது. அவ தண்ணியப் பாக்கறா, என்னைப் பாக்கறா, மறுபடி தண்ணியப் பாக்கறா. அவ்வளவுதான். நான் எத்தனையோ பேருகிட்ட ஏச்சு வாங்கியிருக்கேன் தம்பி, அதெல்லாம் தொடைச்சுப் போட்டுட்டுப் போயிருவேன். இந்தப் பார்வை தாங்க முடியல. எந்திரிச்சுப் போயிரு தாயின்னு தமிழ்ல கெஞ்சுனேன். போகலீங்க.

மத்தியானம் ஆயிருச்சு. தலைவரம்மாக்கள் எல்லாம் மூட்டை முடிச்சோட காத்துக்கிட்டிருக்காங்க. அப்புறம் மோதிராம் சபையக் கூட்டுனாரு. வீட்டுக்கு ஒருத்தர் கல்லு மேல ஒக்காந்தாங்க. நான் வாதாடுனேன். எங்கூர்ல சுதந்திர தினத்துக்குக் கிராம சபை இருக்குது, கொடி ஏத்தோணும், ரோடு வேலை பாதில நிக்குது, தலைவர் இல்லாம ஒரு அணுவும் அசையாதுன்னேன். மோதிராம் பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாரு, "தலைவர்னு சொன்னதாலதானே உன் வார்த்தைய எடுத்துக்கிட்டோம். வழிப்போக்கன் சொன்னா வாய்க்காத் தண்ணியோட போயிருக்கும். அதுக்குக் காவல் தேவையில்லை."

ஹெலன் மேடம் என் காதுகிட்ட வந்து, "சார், வழி இருக்கு. நீங்க தலைவர் இல்லைன்னு சொல்லிட்டா, தீர்ப்பே இல்லைன்னு ஆயிரும். மம்பட்டியத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிரலாம்"னுச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க? ஒரு பக்கம் அந்தப் பனித்தண்ணி, அந்தப் பீமி, அறுவடை வரைக்கும். இன்னொரு பக்கம், பக்கத்துப் பஞ்சாயத்துத் தலைவரம்மாக்கள் அத்தனை பேரு, அவங்க மகளுங்க கைல செல்போனு, எல்லாம் என் முகத்துக்கு நேரா. நான் துளசிமணியப் பாத்தேன். நீ சொல்லீருன்னு கண்ணைக் காட்டுனேன். அவ சால்வைய இழுத்துப் போத்திக்கிட்டா.

"நான் பேசப்படாதாமுங்க. அவங்கவங்க வாய்தான் பேசோணுமாம்."

"இத்தனை வருசம் உனக்காக நான் பேசலையா, அம்மிணி?"

"அதாம் பேசீட்டீங்களே"ன்னா.

நெசமாச் சொல்றேன் தம்பி, அந்த மம்பட்டிய மறுபடி எடுத்துக்கிட்டு வாய்க்காலுக்கே போயிரலாம்னு கூட ஒரு நிமிசம் தோணுச்சு. அறுவடை வரைக்கும் தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுரலாம், தலைவராவே நின்னுரலாம்னு. இதுல சிரிக்க வேண்டியதுதான், ஆனா அந்த நிமிசம் எனக்கு அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் முட்டி வலி ஜெயிச்சுருச்சு.

எந்திரிச்சேன். "நான் தலைவர் இல்லீங்க. தலைவர் அந்தா, அந்தம்மா. என்ற சம்சாரம்."

சபைல ஒரு சலசலப்பு. மோதிராம் வாயில இருந்த வால்நட்டை முழுங்கிட்டு ஒரு கேள்வி கேட்டாரு. சாதாரணக் கேள்விதான். "அப்ப நீ யாரு?"

யோசிச்சேனுங்க. காட்டுக்காரன்னு சொல்லலாம், ஆனா காட்டுக்குப் போயி வெகு காலமாச்சு, பாக்கறது அவதான். கணக்குப் புள்ளைன்னு சொல்லலாம்னா அதையும் அவதான் சரிபாப்பா. டிரைவர்னு சொல்லலாம்னா எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. கழுத்துல தொங்குன அட்டையத் திருப்பிக் காட்டுனேன்.

"கூட வந்தவனுங்க"ன்னேன்.

மம்பட்டிய எடுத்துக்கிட்டாங்க. அதுகூடப் பரவால்லீங்க, தொப்பியையும் கேட்டு வாங்கிட்டாங்க.

கதை அதோட முடியலீங்க. மோதிராம் துளசிமணி பக்கம் திரும்பிட்டாரு. நெச தலைவர் வந்திருக்கீங்க, நீங்க என்ன சொல்றீங்கன்னு. நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு வாயெடுத்தேன், அத்தனை கல்லு மேலயும் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க, மூடிக்கிட்டேன். அவ நிதானமா எந்திரிச்சா. "உங்க தண்ணியப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. இங்க இருந்து காவல் காக்கவும் என்னால ஆகாது. அதனால நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எங்கூர்ல ஒரு தண்ணி வழக்கு இருக்குது. அதை நான் போய்ப் பாத்துக்கறேன்"னா.

என்ன வழக்குன்னு எனக்குப் புரியவே இல்லீங்க. எங்கூர்லதான் தண்ணித் தகராறே இல்லையே!

அந்தப் பீமி வந்து, தொடாம, துளசிமணி முந்தானைல ரெண்டு கை வால்நட்டைக் கொட்டிட்டுப் போனா. தீர்ப்புச் சொல்லாததுக்கு வால்நட்டு, சொன்ன எனக்கு ஒண்ணுமில்ல. என்ன ஊருங்க அது?

...ஆ, கண்டக்டர் தம்பி. இந்தா. என்னது? கேட்டீங்களா, "கூட வந்தவரே, சில்லறை குடுங்க"ங்கறான். அந்த வீடியோ எங்க சொந்தபந்த ஒறம்பரை குரூப்பு, பால் சொசைட்டி குரூப்பு, கடைசில இந்த மினி பஸ் வரைக்கும் வந்துருச்சுங்க. பத்திரிகை வெக்கப் போனா கூட, 'வாங்க கூட வந்தவரே'ங்கறாங்க.

ஊருக்கு வந்து சேந்தோம். நான் ஒண்ணும் நடக்காத மாதிரி ஆபீசுக்குப் போனேன். நாற்காலில அவ ஒக்காந்திருக்கா. சரி, களைப்பா இருக்கும், ஒக்காந்துட்டுப் போகட்டும்னு பெஞ்சுல ஒக்காந்தேன். அந்தக் களைப்பு இன்னும் தீரலீங்க. மேசை மேல இந்தச் சாவி இருந்துச்சு.

"ஏனுங்க, ஒத்தப்பனைமேட்டுக்கு மிச்சத் தண்ணிதான்னு சொன்னது ஆரு?"

"நாந்தான்."

"அப்ப நீங்கதான் காவல்"னுட்டு, சாவிய என் பக்கம் தள்ளி உட்டா. கல்லு மேல வெக்கற மாதிரியே.

சண்டை போட்டேனுங்க. மூணு வேளை சோறு திங்காம இருந்தேன். நாலாவது வேளை பசிச்சுது. விடியறதுக்கு முன்னால இந்தப் பஸ்ஸைப் புடிச்சு ஒத்தப்பனைமேட்டு முக்குல எறங்குனேன். எங்கூர்ல எல்லாரும் புடிச்சு முடிக்கற வரைக்கும் வால்வைத் தொறக்கப்படாது, அதானே என் நாயம். குழி ஓரத்துல ஒக்காந்தேன். பொம்பளைக வெறுங்கொடத்தோட வந்து வரிசைல வெச்சுட்டு ஒக்காந்தாங்க. ராக்கம்மான்னு ஒரு அம்மா, நூல் மில்லுக்குப் போறவங்க. மில்லு வேன் வந்து ஹாரன் அடிச்சுட்டுப் போயிருச்சு. அந்தம்மா கொடத்தைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, மறுபடி கொடத்தைப் பாத்துச்சு. எனக்கு முட்டி வரைக்கும் ஜிலீர்னு ஆயிருச்சுங்க. மே மாசத்துல.

டீ குடுத்தாங்க. வேண்டாம்னேன். வேற ஒரு காரணமும் இல்லீங்க, வயிறு சரியில்ல. எங்க அப்பாரு காலத்துல இருந்தே அந்தப் பக்கம் போனா எங்க குடும்பத்துல யாருக்கும் வயிறு சரியா இருக்காது.

அப்படியே கொஞ்ச நாள் ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்துச்சுங்க. யாரும் சொல்லிக் குடுக்கல, துளசிமணி கூட ஒரு வார்த்தை சொல்லல, நானா யோசிச்சதுதான். கடைசில இருக்கறவங்களுக்கு மொதல்ல உட்டுட்டா என்ன? அவங்க மில்லுக்குப் போகோணும், எங்கூர்க்காரன் எந்திரிக்கறதே ஏழு மணிக்கு. போய் அவகிட்டச் சொன்னேன். "நல்ல யோசனையாட்ட இருக்குதுங்க. எப்படித்தான் உங்களுக்குத் தோணுதோ"ன்னா. நாம எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க, நல்ல மாதிரி.

ஆனா இதுவும் நான் சொன்ன தீர்ப்பாப் போச்சுங்களே! இதுக்கும் நாந்தான் காவல். இப்ப எங்கூர்க்காரன் என்னைத் திட்டறான். பெரியப்பா மகன் வால்வுக் குழில கல்லைப் போட்டு மூடிட்டான், நானே எறங்கி அள்ளிப் போட்டேன். நான் ஒரு நாள் வராட்டி, யாராவது வந்து அடைச்சுட்டுப் போயிருவாங்க. அதனால தெனமும். வண்டி அவகிட்ட இருக்குது, பிளாக் ஆபீஸ் மீட்டிங்கு அது இதுன்னு அலையறா. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் நான் பஸ்ல... சரி உடுங்க, கண்டக்டருக்குத் தெரியும், பொய் சொல்லி என்ன ஆகுது. தெனமும்தான்.

டீயா? ஆங், இப்பக் குடிக்கறேனுங்க. வயிறு பழகிருச்சு.

இப்ப முக்கியமான விசயம். அடுத்த தேர்தல்ல எங்க பஞ்சாயத்து பொதுவுக்கு வந்துரும்னு பேச்சு. எத்தனை வருசமாக் காத்துக்கிட்டிருக்கேன்! அந்த வீடியோவ அழிக்க எனக்கு இருக்கற ஒரே வழி, நானே நெசமாத் தலைவராகறதுதான். என்ற வாயில நானே தலைவர்னு சொல்லோணும், அது உண்மையா இருக்கோணும். எங்கூர்ல எனக்கு ஓட்டு உழுகாது, தண்ணில எல்லாரையும் பகைச்சாச்சு. ஆனா ஒத்தப்பனைமேடு இருக்குதே! தெனமும் போறேன், தண்ணி உடறேன், அவங்க போடாம வேற யாரு போடுவாங்க? ஒரு நாள் தண்ணி ஓடிக்கிட்டிருக்கறப்பவே நாடி புடிச்சுப் பாத்தேன். நானே நிக்கலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்கன்னேன்.

ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ராக்கம்மா கொடத்தை எறக்கி வெச்சுட்டு, நெசமான கவலையோட கேட்டுச்சு.

"ஏனுங்க, நீங்க தலைவராப் போயிட்டீங்கன்னா, எங்களுக்குத் தண்ணி ஆரு தொறந்து உடறது?"

கிண்டல்னு நெனச்சு அந்தம்மா முகத்தைப் பாத்தேன். கிண்டல் இல்லீங்க. எங்கிட்ட கையெழுத்து வேணும்னு வந்திருக்காங்க, சிபாரிசு வேணும்னு வந்திருக்காங்க. அந்தக் கையெழுத்துக் கூட அவளோடது. நான் வேணும்னு, நான் போயிட்டா என்ன பண்றதுன்னு, ஒருத்தரும் கேட்டதில்லீங்க தம்பி.

வந்து துளசிமணிகிட்ட, நான் நிக்கல, நீயே நில்லுன்னுட்டேன். பெருந்தன்மையா உட்டுக் குடுத்துட்டேன்னு ஊருக்குள்ளயும் சொல்லி வெச்சிருக்கேன். போஸ்டருக்கு மாதிரி அவ முன்னாடியே பண்ணி வெச்சிருந்தாங்கறது அப்புறந்தான் தெரிஞ்சுது. அவ படம் ஆளுயரம். என்ற படமும் இருக்குதுங்க, இல்லாம என்ன. தபால்தலை அளவுல, கீழ மூலைல. ஆனா நல்லா உத்துப் பாத்தா கைல சாவி இருக்கறது தெரியும்.

அந்தா, முக்கு வந்துருச்சு. கொடம் வரிசையா நிக்குது பாருங்க. கண்டக்டர், விசில் குடுப்பா. இந்தச் சாவிய சித்த மேல தூக்கிப் புடிங்க தம்பி, நான் எறங்கி வாங்கிக்கறேன். கனமா இருக்குதுங்களா? பழகிரும்.

எப்பவாச்சும் இந்தப் பக்கம் வந்தீங்கன்னா தலைவர் ஊடு எங்கன்னு கேட்டு வந்துராதீங்க, அங்க எப்பவும் கூட்டம், நான் இருக்க மாட்டேன். ஒத்தப்பனைமேட்டு முக்குல தண்ணி உடறவர்னு கேளுங்க. யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க.